ஊசி பிடித்ததா?

2021 மார்ச்சில், அக்காவுக்குக் கொரோனா தடுப்பூசி போடலாமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. திண்டுக்கல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் உண்டு, போனில் கேட்டவர்கள் உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது கேட்டார்கள். சிறுநீரகம் மாற்றிவைத்த உடம்பு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மாத்திரை தின்கிற உடம்பு. ஊசி ஏதாவது பண்ணிவிட்டால்? எல்லோருமே அக்கறையோடுதான் கேட்டார்கள். ஆனால் அந்த ஊசி அவள் உடம்பில் வேலை செய்யுமா என்று கேட்டது அம்மா ஒருத்திதான்.

அம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் அவள் கையிலேயே இருந்தது. 1950-களின் கடைசியில், பெரியம்மைக்குக் குத்திய தழும்பு. "அம்மை குத்துறவரு குத்திட்டு அப்பிடியே போயிர மாட்டாரு. ஒரு வாரம் கழிச்சுத் திரும்ப வருவாரு. வரிசையா நிக்க வச்சு, கையப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்ப்பாரு. கொப்புளம் எழும்பலைன்னா மறுபடியும் குத்துவாரு. அதுக்குப் பயந்து நாங்க வைக்கப்படப்புக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவோம்" என்பாள். அவள் காலத்தில் ஊசி என்றால் இரண்டு வேலை: குத்துவது, பிடித்ததா என்று வந்து பார்ப்பது. கொரோனா ஊசியைப் பற்றி வீடே பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "இது பிடிச்சுதான்னு யாரு வந்து பார்ப்பா?"

நான் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. அதையும் டயாலிசிஸ் வார்டில்தான் கற்றிருந்தேன்.

அக்காவின் சிறுநீரகங்கள் 2015-ல் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய் டயாலிசிஸ். ரத்தம் குழாய் வழியே வெளியே போய், சுத்தமாகித் திரும்ப வருகிற இடம். ரத்தத்தில் பரவுகிற நோய்களுக்கு அங்கே கதவு திறந்திருக்கும். அதனால் முதல் வேலையாக மஞ்சள் காமாலை பி வகைக்கு ஊசி போட்டார்கள். சாதாரணமாகப் பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம். டயாலிசிஸ் நோயாளிக்கு அதில் இரண்டு மடங்கு, 40. இரண்டு புஜத்திலும் ஒவ்வொன்று. முதல் நாள், பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று நாலு தவணை. மற்றவர்களுக்கு மூன்று தவணையோடு முடிந்துவிடும்.

நாலாவது தவணை முடிந்ததும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்ப்புப் பொருளின் அளவு பத்துக்கு மேல் இருந்தால் போதும். அந்த அளவைத்தான் வார்டில் எல்லோரும் 'டைட்டர்' என்று கேட்டுக்கொள்வார்கள். அக்காவுக்கு வரவில்லை. "டைட்டர் வரலைம்மா. மறுபடி முதல்லேர்ந்து போடணும்" என்றார் டெக்னீஷியன், பஸ் தவறிப்போன செய்தி சொல்கிற மாதிரி. ஆரோக்கியமான இளவயதுக்காரர்கள் நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் பிடித்துவிடும் ஊசி அது. ரத்தத்தில் கழிவு தேங்கிய உடம்பில் வெள்ளையணுக்கள் மந்தமாகிவிடுகின்றன. ஊசியில் வந்திருப்பது யார் என்று பார்த்து, நினைவில் வைத்து, எதிர்ப்புப் பொருளைத் தயார்செய்கிற வேலை அரைகுறையாக நின்றுவிடுகிறது. இரண்டாவது சுற்றில் பத்தைக் கொஞ்சம் தாண்டினாள். அதுவும் நிலைக்காது, வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் இரண்டு சுற்றும் போட்டு, வராமலே இருந்தார்கள். ஊசி உடம்புக்குள் போவது வேறு, காப்பு வருவது வேறு என்பது எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது.

2017-ல் அம்மா தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முந்தைய மாதங்களில் டாக்டர் விசாரித்ததில் பாதி, தடுப்பூசியைப் பற்றித்தான். மாற்றுக்கு முன்னால் போட வேண்டியதையெல்லாம் போட்டுவிட வேண்டும், பிறகு சிலவற்றைப் போடவே முடியாது என்று அவர் ஒரு பழைய பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து இரண்டாகப் பிரித்து எழுதினார். ஒரு பக்கம், உயிரோடு இருக்கும் கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசிகள்: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, சின்னம்மை, காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காய்ச்சல். நல்ல உடம்பில் அந்தக் கிருமி கொஞ்சம் பெருகி, அடங்கி, பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடும். அடக்க ஆளில்லாத உடம்பில் அடங்காமலே போகலாம். தடுக்க வந்ததே நோயாகலாம். மறுபக்கம், கொன்ற கிருமியிலோ அதன் துணுக்கிலோ செய்தவை: ஃப்ளூ, நிமோனியா, மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ், வெறிநாய்க்கடி. இவை நோயைத் தராது. பிடிக்காமல் போகலாம், அவ்வளவுதான். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் பக்கவிளைவுக் கணக்கு அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது. அந்தத் தாள் இன்றைக்கும் அக்காவின் ஃபைலில் முதலில் இருக்கிறது.

"சின்னம்மை வந்திருக்கா?" என்று அவர் கேட்டார். அக்காவுக்கு நினைவில்லை. "ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்ப வந்துச்சு. மூணு தண்ணி ஊத்துனோம்" என்றாள் அம்மா. ரத்தத்தில் பார்த்தபோது எதிர்ப்புப் பொருள் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் சின்னம்மை ஊசியைப் போட்டுவிட்டு, குறைந்தது நான்கு வாரமாவது ஆபரேஷனைத் தள்ளியிருப்பார்கள்.

மாற்றுக்குப் பிறகு டாக்ரோலிமஸ், மைக்கோஃபெனோலேட், வைசலோன் என்கிற ஸ்டீராய்டு. காலை எட்டு மணி, ராத்திரி எட்டு மணி. அம்மாவின் சிறுநீரகத்தை வேற்று ஆளாக அக்காவின் உடம்பு கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் இத்தனையும். அம்மாவைக் கண்டுகொள்ளாத உடம்பு, கிருமியையும் சரியாகக் கண்டுகொள்ளாது.

அடுத்த வருடம் எனக்கு மகள் பிறந்தாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன், அக்காவும் அங்கேதான் இருந்தாள். குழந்தைக்குப் போலியோ சொட்டு விடலாமா என்று கேட்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றியிருக்காது. குழந்தைகள் டாக்டர்தான் கேட்டார், வீட்டில் யாருக்காவது எதிர்ப்புச் சக்தி குறைவா என்று. சொட்டு மருந்தில் இருப்பது உயிருள்ள, பலவீனமான போலியோ வைரஸ். குழந்தையின் குடலில் பெருகி, சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். தெருவில் மற்ற பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேர்ந்து அவர்களுக்கும் காப்பைக் கொடுக்கும். இந்த நாட்டில் போலியோ ஒழிந்ததில் அந்தக் குணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2011 ஜனவரியில் ஹௌராவில் ஒரு குழந்தைக்கு வந்ததோடு நின்றது. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அதே குணம் எங்கள் வீட்டில் ஆபத்து. மிகச் சிறிய ஆபத்துதான், ஆனாலும் தவிர்க்க வழி இருக்கும்போது தவிர்த்துவிடலாம் என்று சொல்லி, சொட்டுக்குப் பதில் ஊசியாகவே போட்டார். ரோட்டா வைரஸ் சொட்டை நிறுத்தவில்லை, அது குழந்தைக்கு வேண்டும். ஆனால் சில வாரங்களுக்கு அக்கா குழந்தையின் துணியை மாற்றக்கூடாது, கழுவிவிடக்கூடாது என்றார். தூக்கிக் கொஞ்சலாம். அக்காவுக்கு அது பெரிய குறை. பிள்ளை நனைத்துவிட்டால் "ஏண்டி, சீக்கிரம் வாடி" என்று கூப்பிட்டுவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

போலியோ ஞாயிறு வந்தது. மையத்துக்கு நாங்கள் போகவில்லை. மறுநாள் விடுபட்ட பிள்ளைகளைத் தேடி அங்கன்வாடி அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். தோளில் நீலநிறக் குளிர்பெட்டி, கையில் சாக்பீஸ். மகளின் இடது சுண்டுவிரலைப் பிடித்துப் பார்த்தார், மை இல்லை. முகம் மாறிவிட்டது. "டீச்சரே இப்பிடிச் செஞ்சா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்ல?" அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஊசி போட்ட அட்டையைக் காட்டினேன், வைரஸ் வெளியேறுகிற விஷயத்தைச் சொன்னேன். அவர் பெட்டியைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். அட்டையின் தேதிகளை நோட்டில் எழுதிக்கொண்டார். "இருபது வருசமாச் சொட்டு ஊத்துறேன். இப்பிடியும் ஒரு வீடு இருக்கும்னு எங்களுக்கு யாரும் சொன்னதில்ல" என்றார். அதில் கோபம் இல்லை, ஆதங்கம் இருந்தது. கிளம்பும்போது, இன்னொரு தெருவில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிற ஒரு பையன் இருக்கிறான், அவன் தங்கைக்கு நேற்றுத்தான் சொட்டு விட்டேன், அவர்களைக் கேட்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். கண்டிப்பாகச் சொல்லுங்கள் என்றேன். இதைப் போன்ற ஊழியர்களுக்கு யாராவது உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் போதும். பாதிக் குடும்பங்கள் தப்பித்துவிடும் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றும் அதைத்தான் நினைக்கிறேன்.

பங்குனி வெயில் ஏறியதும் தெருவில் அம்மை வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்குத்தான் முதலில். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்லமாட்டார்கள், ஆத்தா வந்திருக்கிறாள். வேப்பிலை தொங்குகிற வீட்டுக்கு வெளியாள் போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதும் இல்லை. எந்த ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையும் அந்தக் கொத்து அளவுக்கு அக்காவைக் காப்பாற்றியதில்லை. டாக்டரைக் கூப்பிட்டோம். அக்காவுக்குச் சின்ன வயதில் வந்த காப்பு இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆனால் ஒரே ஒரு கொப்புளம் தெரிந்தாலும் அன்றைக்கே வந்துவிட வேண்டும், நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அம்மை கண்ட உடம்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நானும் அத்தானும் யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்: "வேப்பிலையும் வைப்போம், ஆஸ்பத்திரிக்கும் போவோம். கிட்னி என்னோடது. மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

கொப்புளம் வரவில்லை. அக்காவின் மகளுக்கு அம்மை வந்ததில்லை என்பதால் அவளுக்குச் சின்னம்மை ஊசியைத் தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டோம். அவளுக்குப் போட்டது அக்காவுக்காகத்தான்.

இத்தனையும் தெரிந்த குடும்பம்தான் கொரோனாவுக்குள் போனது.

2021 மார்ச் 1 முதல் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், நாற்பத்தைந்துக்கு மேல் இணைநோய் இருப்பவர்களுக்கும் ஊசி என்று அறிவித்தார்கள். இருபது இணைநோய்கள் கொண்ட பட்டியலில் சிறுநீரக மாற்று இருந்தது. அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு. சான்றிதழ் வாங்கப் போனபோது டாக்டர் எங்கள் பழைய தாளை வாங்கி, கோட்டுக்கு மறுபக்கத்தில் இரண்டு பெயர் சேர்த்து எழுதினார். கோவிஷீல்டில் இருப்பது சிம்பன்ஸியிடமிருந்து எடுத்த அடினோ வைரஸ், உடம்புக்குள் பெருக முடியாதபடி மாற்றியது. கோவாக்சினில் இருப்பது கொன்ற கொரோனா வைரஸ். இரண்டுமே அவளுக்குப் போடலாம். ஊசி எதிர்ப்புச் சக்தியைக் கிளறிவிட்டு, புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடுமோ என்று அத்தான் கேட்டார். அப்படி நடக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, கொரோனா வந்தால் சிறுநீரகம் போவதற்குத்தான் நிறைய ஆதாரம் இருக்கிறது என்றார். பிறகு அவராகவே, "போட்டாலும் முழுசாப் பிடிக்காதுன்னு நினைச்சுக்கிட்டே இருங்க. மாஸ்க்கைக் கழட்டாதீங்க" என்றார். நானும் அக்காவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பக்கவிளைவைப் பற்றியும் அவர் சொல்லாமல் விடவில்லை. மாற்றுச் சிறுநீரகக்காரருக்குக் காய்ச்சல் என்றால் எப்போதுமே வெறும் காய்ச்சல் இல்லை. உள்ளே ஏதோ தொற்று ஓடுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட அன்று ராத்திரி வருகிற காய்ச்சலை மட்டும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இரண்டு நாளுக்குள் தணிய வேண்டும். குளிர் நடுக்கம், மூச்சிரைப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. மாத்திரை போட்டதும் வாந்தி எடுத்தால் போன் செய்ய வேண்டும்; டாக்ரோலிமஸ் ஒரு வேளை தவறினாலும் ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் மட்டும்.

அந்தக் கடைசி வார்த்தையின் கனம் அடுத்த வாரம் தெரிந்தது. தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்களுக்கு முன்கூட்டியே ஊசி போட்டார்கள், எனக்கும் போட்டார்கள். ராத்திரி நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. அக்காவுக்கு ஏப்ரல் முதல் வாரம் கோவிஷீல்டு. அவளுக்குக் கை மட்டும் வலித்தது. தெருமுனை மருந்துக்கடையில் ஊசி போட்ட வலிக்கு என்று கேட்டதும், கடைப் பையன் எல்லோருக்கும் கொடுப்பதை எடுத்துக் கொடுத்தான். அட்டையின் பின்பக்கத்தில், வெள்ளித்தாளில், படிக்கவே முடியாத பொடி எழுத்தில் பாரசிட்டமாலுக்கு மேலே அசிக்ளோஃபெனாக் என்று இருந்தது. நமக்கு அது வலி மாத்திரை. ஒற்றைச் சிறுநீரகத்தோடு டாக்ரோலிமஸும் சாப்பிடுகிறவருக்கு அது சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையே குறைத்துவிடும். கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஊசியின் பக்கவிளைவு என்று ஊரெல்லாம் பேசிய நாட்களில், அந்த ஊசியைவிட, ஊசிவலிக்கு விற்ற மாத்திரை அக்காவுக்கு அதிக ஆபத்தாக இருந்தது. அதைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் வரவில்லை.

"பரவாயில்லையே, தாங்கிக்கிட்டா" என்றார்கள் உறவினர்கள். எனக்குக் காய்ச்சல், அவளுக்கு ஒன்றுமில்லை. அதனால் அவள் உடம்பு திடமானதாம். எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை. தினமும் வைசலோன் சாப்பிடுகிற உடம்பில் காய்ச்சல் எழும்பாமல் போவது சகஜம். காய்ச்சல் வந்தால் பிடித்தது, வராவிட்டால் பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மாவுக்குக் கொப்புளம் எழும்பியதைப் போல, கண்ணால் பார்க்க இந்த ஊசிக்கு அடையாளம் கிடையாது.

ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டு, பயப்படாமல் எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று பேட்டி கொடுத்தார். 17-ஆம் தேதி விடியற்காலை இறந்துபோனார். இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் அடைப்பு என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள், ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று பிறகு ஆய்வுக் குழுவும் சொன்னது. ஆனால் எங்கள் தெருவில் அந்த வாரம் ஊசிக்குப் போக இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் மரக்கன்றுகளை நட்டுக்கொண்டே இருந்தவர், எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்தவர். அவர் நல்லெண்ணத்தோடு சொன்ன சொல்லே மக்களைப் பின்வாங்க வைத்தது எனக்கு இன்னும் ஆறாத துக்கம். அந்தத் தெருவில் ஊசி போடாமல் நின்ற ஒவ்வொருவரும் அக்காவுக்கு ஒரு திறந்த கதவு.

அக்காவின் இரண்டாவது தவணை மே மாதக் கடைசியில் இருந்திருக்க வேண்டும். மே 13 அன்று கோவிஷீல்டின் இடைவெளியைப் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்று நீட்டிவிட்டார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு நீண்ட இடைவெளி எதிர்ப்புப் பொருளைக் கூட்டும், அதில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு தவணையில் ஏறக்குறைய ஒன்றுமே வராத உடம்புகளுக்கு? அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஃபைஸர், மாடர்னா ஊசி போட்ட உறுப்பு மாற்று நோயாளிகளை அந்த மாதங்களில் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். முதல் தவணைக்குப் பிறகு 436 பேரில் நூற்றுக்குப் பதினேழு பேருக்குத்தான் எதிர்ப்புப் பொருள் தெரிந்தது. இரண்டு தவணைக்குப் பிறகு 658 பேரில் நூற்றுக்கு ஐம்பத்துநாலு. மைக்கோஃபெனோலேட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறைவு. அந்த ஒற்றைத் தவணையோடு அக்காவை மையத்திலிருந்து திருப்பி அனுப்பிய வாரத்தில், தமிழ்நாட்டில் ஒரே நாளில் முப்பத்தாறாயிரம் பேருக்குத் தொற்று. அத்தான் மருத்துவர் கடிதத்தைக் காட்டினார். கணினி ஏற்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தவணை ஜூலையில்தான் கிடைத்தது.

ஆகஸ்டில் அக்கா தானாகவே தனியார் லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். டாக்டர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார். எந்த அளவு இருந்தால் காப்பு என்று யாரும் நிர்ணயிக்கவில்லை, எதிர்ப்புப் பொருள் இல்லாவிட்டாலும் டி செல்கள் கொஞ்சம் கற்றிருக்கலாம், எண்ணைப் பார்த்து மனம் உடையவும் வேண்டாம், துணிந்து வெளியே திரியவும் வேண்டாம் என்று. ரிசல்ட் போனில் வந்தது. நெகட்டிவ்.

"பிடிச்சுதா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"அப்ப மறுபடியும் குத்தச் சொல்லு." அறுபது வருடத்துக்கு முந்திய அம்மை குத்துகிறவருக்கு அது தெரிந்திருந்தது. அதே ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூன்றாவது தவணையை அனுமதித்தார்கள். பிரான்ஸ் அதற்கும் முன்னாலேயே சொல்லிவிட்டது. இங்கே அப்படி ஒரு பிரிவே இல்லை. 2022 ஜனவரி 10 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை என்று கொடுத்தபோது, அது சுகாதாரப் பணியாளர்களுக்கும் முன்களப் பணியாளர்களுக்கும், அறுபது தாண்டிய இணைநோயாளிகளுக்கும் மட்டும். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற அம்மாவுக்குக் கிடைத்தது. நாற்பத்தாறு வயது அக்காவுக்குக் கிடைக்கவில்லை. "என்னோடத அவளுக்குப் போடுங்க" என்று அம்மா செவிலியரிடம் கேட்டிருக்கிறாள். சிறுநீரகத்தைக் கொடுக்க முடிந்தவளால் ஒரு தவணை ஊசியைக் கொடுக்க முடியவில்லை. வயதைப் பார்த்துப் போட்ட அந்த விதி தவறு என்றே நான் இன்றும் சொல்வேன். பக்கவிளைவுக்கு அவ்வளவு பயந்த சமூகம், பயனில்லாமல் போனவர்களை எண்ணிப் பார்க்கவே இல்லை.

அக்காவுக்குப் பிடிக்காத ஊசியை அவளைச் சுற்றியிருப்பவர்களுக்குப் போட வைப்பதுதான் எங்களால் முடிந்தது. 2021 செப்டம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மாபெரும் முகாம்கள் தொடங்கின. ஞாயிறு கறி தின்பார்கள், குடிப்பார்கள், அந்த உடம்போடு ஊசி போடக்கூடாது என்று ஜனங்கள் வராமல் இருந்ததால் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். எங்கள் தெருவுக்குக் காய்கறி கொண்டுவருகிற அம்மாவும் அதைத்தான் சொன்னார். அக்கா அவரிடம் கூச்சப்படாமல் சொன்னாள்: "எனக்கு ஊசி போட்டும் ஏறலக்கா. நீங்க போட்டாத்தான் எனக்கு." அடுத்த சனிக்கிழமை போட்டுவிட்டு வந்து கையைக் காட்டினார். ஜனவரியில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பள்ளியிலேயே கோவாக்சின் போட்டபோது அக்காவின் மகளும் போட்டுக்கொண்டாள்.

அப்படியும் அந்த ஜனவரிக் கடைசியில் அக்காவுக்குக் கொரோனா வந்தது. மைக்கோஃபெனோலேட்டை நிறுத்திவைத்து, ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, கிரியேட்டினின் ஏறி இறங்கி, வீட்டுக்கு வந்தாள். பிழைத்ததற்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஏப்ரல் 10 அன்று பதினெட்டு தாண்டிய எல்லோருக்கும் தனியார் மையங்களில் மூன்றாவது தவணையைத் திறந்தார்கள். 225 ரூபாயும் சேவைக் கட்டணமும் கட்டி, ஒன்பது மாதக் கணக்கு முடிந்ததும் போட்டுக்கொண்டாள்.

அக்காவுக்கு ஐம்பது ஆனதும் டாக்டர் அக்கிக்கு ஊசி எழுதிக்கொடுத்தார். சின்னம்மை வைரஸ் நரம்பில் ஒளிந்திருந்து, எதிர்ப்புச் சக்தி குறையும்போது எழும்புவதுதான் அக்கி. எங்கள் ஊரில் அதற்குக் குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து எழுதிக்கொள்வார்கள். பழைய அக்கி ஊசி உயிருள்ள கிருமி, கோட்டின் தவறான பக்கம். இந்தியாவுக்கு 2023-ல் வந்த புது ஊசி வைரஸின் ஒரு துணுக்கு மட்டும். இரண்டு தவணை, விலை அதிகம். சீட்டுப் பணத்தை எடுத்துப் போட்டாள். இந்த முறை ராத்திரி குளிர்ந்து நடுங்கியது, கை வீங்கியது. டாக்டர் எழுதிக்கொடுத்த வரிசைப்படி பார்த்தோம், மறுநாள் மாலைக்குள் தணிந்தது.

இரண்டாவது தவணைக்கு மதுரைக்குப் போனபோது வெளி நோயாளிகள் பெஞ்சில் பக்கத்தில் ஒரு இளம்பெண். டயாலிசிஸுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறதாம், கையில் டயாலிசிஸ் ஊசி குத்துகிற ஃபிஸ்டுலா புடைத்திருந்தது. அக்கா கையில் ஊசிச் சீட்டைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பக்கவிளைவு நெறைய வருமாக்கா?" என்று கேட்டாள்.

"ரெண்டு நாள் இருக்கும், தாங்கிக்கலாம்" என்றாள் அக்கா. "ஒனக்கு மஞ்சக்காமாலை ஊசி நாலும் போட்டாங்களா?"

"போட்டாங்க."

"டைட்டர் பார்த்தாங்களா?"

அப்படி ஒன்று பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அக்கா அவள் ஃபைலை வாங்கி ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இல்லை. ஒரு துண்டுத் தாளில் 'ஹெபடைட்டிஸ் பி டைட்டர்' என்று எழுதி, டாக்டர் ரவுண்ட்ஸ் போவதற்குள் உள்ளே போய்க் கேட்கும்படி அவளை எழுப்பி அனுப்பினாள்.